கீரைக்கு இரும்பு ஏத்துனேன்

அந்த நீல டிரம்முல மட்டும் மருந்து ஊத்தாதீங்க அம்மிணி. மத்தது எதுல வேணாலும் ஊத்திக்கோங்க. கீழ பாத்ரூம் தொட்டி, பிரிட்ஜுக்குப் பின்னாடி தண்ணி நிக்கற தட்டு, பழைய டயரு, எல்லாத்தையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. மாநகராட்சியில இருந்து கொசுப்புழு பாக்க வர்றவங்களத் தடுக்கற ஆளில்லீங்க நானு. ஆனா இதுல இருக்கறது செடிக்குத் தெளிக்கற தண்ணி. வெடியால இருந்து போராடி பிஎச் ஆறுல கொண்டாந்து நிறுத்தி வெச்சிருக்கறேன். உங்க மருந்து ஒரு சொட்டு உழுந்தாலும் மறுக்கா மொதல்ல இருந்து வரோணும்.

புழு இருக்குதான்னு பாக்கோணுமா? பாருங்க, தாராளமாப் பாருங்க. இருக்குதுங்களா? இருக்காது. எத்தன நாளாத் தண்ணி நிக்குது, ஒரு புழு இல்லை. கொசு கூட வந்து முட்டை வெக்கறதில்லை. அத்தனை சுத்தம்.

சித்த அந்தக் கட்டைச் செவுத்து மேல உக்காருங்க. நெழலு இருக்குது. இந்த வெயில்ல ஊடு ஊடா ஏறி எறங்கறது லேசுப்பட்ட வேலையா? நீங்க மேல வந்ததுல எனக்குச் சந்தோசமுங்க, நெசமாத்தான் சொல்றேன். இந்த மாடிக்கு இப்பல்லாம் ஒருத்தரும் வர்றதில்லை. பக்கத்து ஊட்டுக்காரர் முன்னெல்லாம் கத்திரிக்கா குடுங்க மாஸ்டர்னு கேப்பாரு. இப்ப நானே குடுத்தாலும் ஃபிரிட்ஜுல எடமில்லீங்கறாரு.

மாஸ்டருன்னாத்தான் இந்தத் தெருவுல தெரியும். நாச்சிமுத்துன்னு கேட்டா போஸ்ட்மேனே முழிப்பாரு. சாயப்பட்டறையில டையிங் மாஸ்டரா இருந்தவன் நானு. இந்தத் திருப்பூருல பாதிப் பேரு போட்டிருக்கற பனியன் கலரு என்ற கையில ஏறுனதுதான்னு சொன்னா நம்புவீங்களா? சாயத்துக்கு உசுரே பிஎச்தான் அம்மிணி. தண்ணியில புளிப்பு எச்சா, காரம் எச்சான்னு சொல்ற அளவு. ஏழுன்னா நடு. அதுக்குக் கீழ போனா புளிப்பு, மேல போனா காரம். இந்தா, இந்தப் பேப்பர முக்குனா கலரு மாறும். கலர வெச்சுச் சொல்லிரலாம். இந்தப் பேப்பரு சட்டைப் பையில இல்லாம நான் வெளிய போனதே கெடையாது.

நான் சொல்ல வந்தது அதில்லை. என்ற பொண்ணு சுகன்யா நெற மாசமா இருக்கறா. மாப்பிள்ளை துபாயில. பிரசவத்துக்குத் தாய் ஊட்டுக்கு வந்தவ இப்ப எங்க இருக்கறாங்கறீங்க? அவ மாமன் ஊட்டுல. அப்பன் நான் இங்க குத்துக்கல்லாட்ட இருக்கறேன். ஒறம்பரைக, சொந்தக்காரங்க யாராச்சும் "பொண்ணு எங்கீங்க மாஸ்டர்"னு கேட்டா நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் பதில் சொல்றது? எல்லாம் ஒரு தட்டுக் கீரையினால. ஒரே ஒரு தட்டுக் கீரை.

சொல்றேன் கேளுங்க. நீங்களே ஞாயம் சொல்லுங்க.

மாடியில தோட்டம் போடோணும்னு சொன்னது நானில்லீங்க. தெய்வானை, என்ற ஊட்டுக்காரி. அவ தோட்டங்காட்டுல பொறந்து வளந்தவ. நான் வேலைய உட்டு நின்னதும் இந்தப் பைகளை வாங்கியாந்து மண்ணு ரொப்பினா. வெண்டை, கத்திரி, அரைக்கீரை, பொதினா. அரிசி கழுவுன தண்ணி, மோர்ச்சட்டி கழுவுன தண்ணி, அதையே ஊத்திட்டிருந்தா. வெடியாலயும் பொழுதோடயும் இங்கயேதான் கெடப்பா. நான் ஊட்டுக்குள்ள நடந்தா "குறுக்க வராதீங்க"ம்பா. மேல வந்தா "பைய மிதிக்காதீங்க"ம்பா. பட்டறையில ஒரு சத்தம் போட்டா முப்பது பேரு ஓடியார்ற எடத்துல இருந்தவன். ஊட்டுல எனக்கு நிக்க எடமில்லை. சரி, போகட்டும்னு கம்முனு இருந்தேன்.

அப்பத்தான் சுகன்யா வந்தா. டாக்டரம்மா பாத்துட்டு, "ரத்தம் கம்மியா இருக்குது, கீரை நெறையக் குடுங்க, இரும்புச் சத்து வேணும்"னு சொன்னாங்க. மாத்திரையும் குடுத்தாங்க. மாத்திரை தின்னா அவளுக்குக் கொமட்டுது. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. ஒத்தைப் பொண்ணுங்க. வெடியால மேல வந்து பாத்தா கீரையெல்லாம் வெளுத்துக் கெடக்குது. நரம்பு மட்டும் பச்சை, மத்ததெல்லாம் மஞ்சள். கீரைக்கே ரத்தம் கம்மி. இதைத் தின்னு என்ற பொண்ணுக்கு எங்கிருந்து ரத்தம் ஊறும்?

எனக்கு உடனே வெளங்கிருச்சு. கொழாயில வர்ற போர் தண்ணி உப்புத் தண்ணி. பேப்பர முக்குனேன், எட்டையும் தாண்டி நிக்குது. அந்தத் தண்ணியில வேரு எப்பிடி இரும்ப எடுக்கும்? அப்ப வேர நம்பக் கூடாது. எலை மேலயே தெளிச்சு உள்ள ஏத்தோணும். துணியில சாயம் ஏத்தற மாதிரி. எலைக்குள்ள ஏறுன இரும்பு, கீரையோட என்ற பொண்ணுக்குள்ள போகும். இதுல என்னுங்க தப்பு? பெரிய பெரிய படிப்புப் படிச்சவனே இப்படி யோசிச்சிருப்பானா?

வெதைக்கடையில அன்னபேதி உப்பு வாங்கினேன். பச்சையாக் கல்லுக் கல்லா இருக்கும், இரும்புச் சத்து. கூட ஒரத்துப் பொடி ஒண்ணு. கடைக்காரப் பையன், "லிட்டருக்கு ரெண்டு கிராமுக்கு மேல போடாதீங்க, பொழுதோட வெயில் எறங்குனப்பறம் தெளிங்க, மொதல்ல ஒரு செடியில அடிச்சுப் பாருங்க, தெளிச்சதும் பறிச்சுத் திங்காதீங்க"ன்னு நீட்டிட்டே போனான். பால் மணம் மாறாத பையன். எனக்குச் சொல்லித் தர்றான். சரக்குக் கம்மியாப் போட்டா சாயம் ஏறுமாங்க? வெளிறித்தான் போகும். சூடு இல்லாம ஏறுமா? பட்டறையில அறுவது டிகிரி வெச்சாத்தான் கலரு புடிக்கும். அதனால நல்லா உச்சி வெயில்ல, கடைக்காரன் சொன்னதுக்கு ரெண்டு பங்கு போட்டுத் தெளிச்சேன்.

பிஎச்ச மட்டும் கைவுடல. அன்னபேதிய உப்புத் தண்ணியில சும்மா போட்டீங்கன்னா துருப் புடிச்சாப்பல செவந்து அடியில தங்கிரும். ஒரு பிரயோசனமும் இல்லை. அதுக்கு மொதல்ல தண்ணியில ஆசிட் உட்டு எறக்கோணும். பட்டறையில உடுவோமே, காடியாட்ட வாசம் வரும், அதேதான். உட்டு உட்டுப் பேப்பர முக்கி ஆறுக்குக் கொண்டாந்தேன். எலைக்கு ஆறுதான் நல்லது. அதைக் கடைக்காரப் பையனும் ஒத்துக்கிட்டான்.

ஆசிட்டுன்ன ஒடனே மூஞ்சியச் சுளிக்கறீங்க பாருங்க. எல்லாரும் இதைத்தான் செய்யறாங்க. எலுமிச்சம்பழச் சாறு பிஎச் எவ்வளவுன்னு தெரியுங்களா? ரெண்டு. அதைச் சக்கரை போட்டுக் குடிக்கறோம். என்ற தண்ணி ஆறு. ஆறு என்னுங்க பண்ணும்?

பண்ணுச்சுங்க, நல்லதுதான் பண்ணுச்சு. ரெண்டாம் நாளு வந்து பாத்தா கீரை கறுகறுன்னு நிக்குது. தெய்வானையக் கூப்புட்டுக் காட்டுனேன். "என்ன ஊத்துனீங்க"ன்னா. "சத்து"ன்னேன். அவ ஒரு எலையத் திருப்பிப் பாத்துட்டு எறங்கிப் போயிட்டா. மெச்சி ஒரு வார்த்தை அவ வாயில வந்திருக்குதா? கல்யாணமான நாள்ல இருந்து வந்ததில்லை.

அப்பறம்தான் ஓரமெல்லாம் கருக ஆரம்பிச்சுது. தீயில காட்டுன மாதிரி. பொட்டுப் பொட்டா ஓட்டை. ஆசிட் எச்சாயிருச்சு போலன்னு சோடா உப்புப் போட்டு பிஎச்சத் தூக்குனேன். தூக்குனா ஒன்பதுக்குப் போயிருச்சு. மறுக்கா ஆசிட். மறுக்கா கொஞ்சம் சோடா. அப்படிப் பண்ணிப் பண்ணி ஆறரையில அழுத்தமா நிறுத்தி, நாள் தவறாம அடிச்சேன். எலை மேல வெள்ளையா மாவாட்டப் படிஞ்சுது. படியட்டும், சத்துதானே. கருகுனதுக்குக் காரணம் அதில்லை அம்மிணி. எதுத்தாப்பல பேக்கரிக்காரன் அடுப்புப் பொகை. அது தென்காத்துல நேரா இங்கதான் வருது. அவனை ஒருத்தரும் கேக்க மாட்டீங்க.

ஒரு நாளு மத்தியானம் நானே கீரையப் பறிச்சேன். தெளிச்ச ஈரம் கூடக் காயல, அத்தனை ஃபிரெஷ்ஷு. தெய்வானை கோயிலுக்குப் போயிருந்தா. சுகன்யா, "நானே கடையறேம்பா"ன்னு கழுவிக் கடைஞ்சா. என்னத்தைக் கழுவினாளோ, நான்தான் "ரொம்பக் கழுவாத கண்ணு, சத்துப் போயிரும்"னேன். சோத்துல போட்டுப் பெசஞ்சுட்டு இருக்கறப்ப தெய்வானை வந்துட்டா. தட்டப் பாத்தா. என்ன நெனச்சாளோ, குனிஞ்சு ஒரு வெரல்ல தொட்டு நாக்குல வெச்சா.

"கரிக்குது"ன்னா.

அவ்வளவுதான் சொன்னா. சத்தமெல்லாம் போடல. அந்தத் தட்ட எடுத்தா, பொண்ணு கையிலிருந்த உருண்டையையும் வாங்கித் தட்டுல போட்டா, கொண்டு போயி வாசல்ல கொட்டிட்டு வந்துட்டா. மாட்டுக்குக் கூட வெக்கல. எனக்கு எப்படி இருக்கும்? நானும் பேப்பர எடுத்துட்டு அடுப்பங்கரைக்குப் போயி மிச்சமிருந்த கடைசல்ல முக்கிக் காட்டுனேன். "பாரு தெய்வானை, ஆறரை. உன் மோர விட நல்ல நெலமையில இருக்குது. இதுல என்ன குத்தம் கண்டுட்ட"ன்னேன்.

அவ என்னைப் பாத்தாளுங்க. அப்படி ஒரு பார்வை பாத்ததே இல்லை. "எங்கப்பனுக்கும் இதே பேப்பரத்தானுங்க காட்டுனீங்க"ன்னா.

பாருங்க அம்மிணி, எங்க இருந்து எங்க போறான்னு. கீரைக்கும் அதுக்கும் என்னுங்க சம்பந்தம்? அது நடந்து எத்தனையோ வருசமாச்சு. இத்தனை வருசத்துல ஒரு நாளு அதைப் பத்தி வாயத் தெறந்ததில்லை அவ. நான் அதை அவ மறந்துட்டான்னே நெனச்சிருந்தேன்.

என்னான்னா கேக்கறீங்க? ஒண்ணுமில்லீங்க. எங்க பட்டறைத் தண்ணி ஓடையில போயி ஆத்துல சேரும். ஆத்தோரமா எங்க மாமனாரு தோட்டம். தென்னை, மஞ்சளு, நல்ல வெள்ளாமை. ஒரு நாளு அவரு கெணத்துத் தண்ணிய ஒரு கேன்ல மொண்டுட்டுப் பட்டறைக்கே வந்துட்டாரு. மருமகன் வேலை செய்யற எடமாச்சே, மொதலாளி காதுல உழுந்தா என்ன ஆகுமுன்னு ஒரு ரோசனை வேண்டாமா? "தண்ணி கரிக்குதுங்க மாப்பிள்ளை, தென்னங்குருத்து காயுதுங்க"ன்னாரு. நான் மரியாதையாத்தான் பேசுனேன். உக்கார வெச்சு, டீ வாங்கிக் குடுத்து, அவரு கேன்லயே பேப்பர முக்கிக் காட்டுனேன். ஏழு. அப்பழுக்கில்லாத ஏழு. என்ற பட்டறையில இருந்து வெளிய போற தண்ணி ஒரு நாளும் ஏழு தப்புனதில்லை. ஆசிட் உட்டுச் சரி பண்ணாம நான் தெறந்து உட்டதே இல்லை. ராத்திரி எந்நேரமானாலும் நின்னு பாத்துட்டுத்தான் ஊட்டுக்கு வருவேன்.

உப்பா? உப்பு இருக்கத்தான் செய்யும். மூட்டை மூட்டையா உப்புக் கொட்டாம சாயம் ஏறாது. ஆனா கரிப்பு வேற, பிஎச் வேற அம்மிணி. அதையும் அவருகிட்ட வெளக்கமாச் சொன்னேன். "மாமா, உப்புக்கு நான் பொறுப்பில்லீங்க, பிஎச்சுக்குத்தான் என்ற கையெழுத்து"ன்னேன். அவரு அந்தக் கேன என்ற முன்னாடி தள்ளி, "அப்ப ஒரு வாய் குடிங்க மாப்பிள்ளை"ன்னாரு. சொல்லுங்க, நான் டூட்டியில இருக்கறவன். குடிச்சுக் காட்டறதா என்ற வேலை? நாலு பேரு பாத்துட்டு நிக்கறாங்க. வேலை கெடக்குதுங்க மாமான்னு எந்திரிச்சுப் போயிட்டேன். அவரு டீயக் குடிக்காமப் போயிட்டாரு.

அப்பறம் தென்னை போச்சு. அந்த வருசம் மழை இல்லாததுனால போச்சு.

தெய்வானை அன்னிக்கே அவ அண்ணன் அர்த்தநாரிக்குப் போனப் போட்டா. பொழுது உழுகறதுக்குள்ள காரோட வந்துட்டாரு மச்சான். தெய்வானை மொதல்லயே கார்ல ஏறி உக்காந்துட்டா. சுகன்யா துணிப் பைய எடுத்துட்டு என்ற முன்னாடி வந்து நின்னா. "நான் உனக்கு நல்லதுக்குத்தானே கண்ணு பண்ணேன்"னேன். "தெரியுமுங்கப்பா"ன்னா. தெரியுமுன்னா எதுக்குப் போறா? கண்ணுல தண்ணியோட போறா, ஆனா போறா. சண்டை போட்டாலாச்சும் எதுத்துப் பேசலாம். தெரியுமுன்னு சொல்லிப்போட்டுப் போறவகிட்ட என்னத்தைப் பேசறது?

அதுல இருந்து வெடியால வெடியாலப் பேப்பரு முக்கி, போட்டோ எடுத்து, பொண்ணுக்கு வாட்சப்புல அனுப்பறேன். ஆறு, ஆறு, ஆறரை, ஆறு. ரெண்டு நீலக் கோடு உழுகுது. பாத்துட்டா. பதிலில்லை. ஒரு நாளு மட்டும், "அப்பா நேரத்துக்குச் சாப்பிடுங்க"ன்னு வந்துச்சு. நான் கேட்டது அதுவா? தப்பு எங்கன்னு ஒருத்தரு சொல்லட்டுமே, திருத்திக்கறேன். பட்டறையில கலரு தப்பாப் போனா எந்த எடத்துல தப்பாச்சுன்னு கண்டுபுடிச்சு மறுக்கா ஏத்துவேன். இங்க ஒருத்தரும் எடத்தைக் காட்ட மாட்டேங்கறாங்க. கரிக்குதுங்கறது ஒரு காரணமாங்க?

நான் அந்தக் கீரையச் சாப்பிட்டனான்னா? எனக்குக் கீரை சேராதுங்க. வாயு. இப்ப மூணு வேளையும் மெஸ்ஸுல வாங்கிக்கறேன். அதை எதுக்குக் கேக்கறீங்க?

சரி, நீங்க உங்க வேலையப் பாருங்க. நாலு வெண்டைக்கா பறிச்சுத் தரட்டுங்களா? ஊட்டுல கொழந்தைக இருக்கும்ல? வேண்டாமா. சரி, சரி, வேண்டாம்னா உடுங்க. எதுக்குக் கைய ஆட்டறீங்க, நான் ஒண்ணும் வாயில திணிக்கப் போறதில்லை.

இருங்க, போனு. மச்சான்தான்.

அலோ. சொல்லுங்க மச்சான்... எப்பங்க? வெடியாலயேவா? ஏனுங், எனக்கு இப்பத்தான் சொல்றீங்க... சரிங்க, சரிங்க. என்ன கொழந்தைங்க?... ரெண்டு பேரும் நல்லா இருக்கறாங்களா? சுகன்யாவுக்கு ரத்தம் ஏத்துனாங்களா?... ஏத்தலையா. சரிங்க... தெய்வானை பக்கத்துல இருக்குதுங்களா? குடுங்க... இல்லீங்களா. என்ன சொல்லுச்சுங்க?... ம்... மறுக்காச் சொல்லுங்க... வெச்சுருங்க மச்சான். வர்றேன். ஆமாங்க, வர்றேன், வர்றேன்.

பொம்பளப் புள்ளைங்க அம்மிணி. மூணு கிலோ இருக்குதாமா. கண்ணு முழிச்சுப் பாக்குதாமா.

வரச் சொல்லீட்டாங்க. தெய்வானையே வரச் சொல்லுச்சாமா. ஆனா வெறுங்கையோட வரச் சொல்லுச்சாமா. கீரை, காய், பழம், ஒண்ணும் கொண்டாரக் கூடாது, கையக் கழுவிட்டு வரச் சொல்லுங்கன்னு சொன்னாளாமா. கேட்டீங்களா இதை? மொதப் பேத்தியப் பாக்கத் தாத்தன் வெறுங்கையோட போவானாங்க? ஊருல யாராச்சும் போவாங்களா? நான் என்ன வெசமா வளத்து வெச்சிருக்கறேன்? கையக் கழுவிட்டு வரோணுமாமா. எனக்குக் கழுவத் தெரியாது பாருங்க.

ச்சை. இந்தத் தண்ணியில சோப்பு நொரைக்கறதே இல்லை. தேச்சுத் தேச்சுப் பாத்தாலும் கொழகொழன்னே கெடக்குது. உங்க பாட்டில்ல இருக்கறது நல்ல தண்ணிங்களா? குடிக்கற தண்ணிதான், தெரியுது. சித்த என்ற கையில ஊத்துங்க. இன்னும் கொஞ்சம். வெரல் சந்துல. போதுமுங்க.

கிட்ட வாங்க அம்மிணி. இந்தக் கையில ஏதாச்சும் வாசம் வருதான்னு மோந்து பாத்துச் சொல்லுங்க. எனக்குப் பழகிப் போச்சு, எனக்குத் தெரியாது. பேப்பரு வேண்டாம், அது பையிலயே இருக்கட்டும், அதுல வெச்சா ஏழுதான் காட்டும். கொழந்தையத் தூக்கோணுமுங்க. நீங்க மோந்து பாத்துச் சொல்லுங்க.